கேள்விக்குறியாகிப் போன தாலாட்டு

போன மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். முன்பு எங்கள் தெருவில் குடியிருந்த தமிழ் வாத்தியார் அய்யா இறங்கிக்கொண்டிருந்தார். வயது 84. கையில் வழக்கமான மஞ்சள் பை.

"என்ன தம்பி, ரிட்டயர் ஆயிட்டியாமே? வீட்லதான் இருப்பேன்னு வந்தேன்" என்றார். எனக்கு 66 ஆகிறது. என்னைத் தம்பி என்று கூப்பிட இந்தத் திருச்சியில் இன்னும் ஒருவர் இருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது.

காபி குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். மேலே என் கையெழுத்தில் '2006' என்று எழுதியிருந்தது.

"பாட்டெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. பேரன் போட்டுப் பாத்தான். இங்கிலீஷ் எழுத்தா வருது தாத்தா, ஒண்ணும் புரியலங்கிறான். எனக்கு இனிமே எத்தனை நாளோ. புத்தகமா போட்டுடலாம்னு பாக்கறேன்" என்றார்.

அவர் சொன்ன பாட்டு எனக்குத் தெரியும். லால்குடி, மணச்சநல்லூர், முசிறி பக்கத்துப் பள்ளிகளில் அவர் வேலை பார்த்தபோது, ஊர் ஊராகப் போய்க் கிழவிகளிடம் உட்கார்ந்து எழுதி வாங்கிய தாலாட்டும் ஒப்பாரியும். எழுதிய நோட்டுகளைக் கறையான் தின்றுவிட்டது. அதற்கு முன்பே, 1998-ல், தெப்பக்குளம் பக்கத்தில் இருந்த ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடித்து பிளாப்பியில் வாங்கி வைத்திருந்தார். ஆறு கோப்புகள். ஐந்து கோப்புகள் ஊர்ப் பாட்டுகள். ஆறாவது, அவருடைய அம்மா பாடியவை.

27 வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊரைச் சுற்றியவன் நான். கோர்ட் வாசல் நோட்டரி கடை, உறையூர் அச்சகம், தில்லைநகர் ஆஸ்பத்திரி, ஸ்ரீரங்கம் மடம் என்று போகாத இடமில்லை. "சார், தமிழ் வரமாட்டேங்குது" என்ற புகாரைக் கேட்காத வாரமே கிடையாது. ஏன் அப்படி வராமல் போயிற்று என்ற வரலாற்றை என் வயதொத்தவர்களுக்காக எழுதி வைக்கலாம் என்று பல நாளாக நினைப்பு. வாத்தியார் வந்து அதற்கு முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார்.

டைப்ரைட்டரிலிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா பக்கம் போன ஆர். முத்தையா என்பவரைத் தமிழ்த் தட்டச்சின் தந்தை என்பார்கள். நம் எழுத்துகள் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இத்தனைக்கும் ஒரு இயந்திரத்தில் விசை வைக்க முடியாது. ஆகவே கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி என்று உடைத்துப் போட்டார்கள். 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலை ஆறு மணி வகுப்புக்குப் போய் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்களுக்கு இது விரலிலேயே இருக்கும்.

அடுத்தது 1978. பெரியார் 1935-லேயே தம் பத்திரிகையில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை அந்த வருடம் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கு அதுவரை தனித் தனி உருவம். துதிக்கை மாதிரி சுழித்த லை எழுதிப் பழகியவர்கள் நாம். அந்த உருவங்கள் போய், எல்லாவற்றுக்கும் பொதுவான காலும் கொம்பும் வந்தன. பின்னால் வந்த கம்ப்யூட்டருக்கு அது எவ்வளவு சௌகரியம் என்று அப்போது யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இனி கம்ப்யூட்டர். அதற்கு 'அ'வும் தெரியாது, 'ஏ'யும் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். ஒரு பைட்டில் 256 எண்கள்தான் அடங்கும். இதைக் கதவு எண் உள்ள ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 128 வீடுகளில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக் குறிகளும் சட்டப்படி குடியேறிவிட்டன. மீதி 128 வீடுகளில்தான் மற்ற மொழிக்காரர்கள் குடித்தனம் நடத்த வேண்டும்.

தமிழுக்கு எழுத்துரு செய்தவர்கள் இரண்டு வழியில் போனார்கள். சிலர் காலியாக இருந்த மேல் வீடுகளில் தமிழைக் குடிவைத்தார்கள். சிலர் ஆங்கிலத்தின் வீட்டிலேயே தமிழை உட்கார வைத்தார்கள். 'பாமினி' இந்த இரண்டாவது வகை. ஈழத்தமிழர்களிடமும் நம் ஊர் டிடிபி கடைகளிலும் அது கொடிகட்டிப் பறந்ததற்குக் காரணம் உண்டு. விசைகள் டைப்ரைட்டர் அமைப்பை ஒட்டியே இருக்கும். இன்ஸ்டிட்யூட்டில் படித்த பெண் நேராக வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அடிக்கலாம். தனி மென்பொருள் வேண்டாம்.

ஆனால் அந்தக் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கிலம்தான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. 'அம்மா' என்று அடித்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கும் கம்ப்யூட்டரில் திறந்தால் அம்மா தெரிவாள். இல்லாத கம்ப்யூட்டரில் இந்த ஆங்கிலக் குப்பைதான் தெரியும். வாத்தியாரின் பேரன் பார்த்தது இதைத்தான். பையன் மேல் தப்பில்லை.

தொண்ணூறுகளில் இந்தக் கூத்து எவ்வளவு தூரம் போயிற்று என்றால், ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொரு மென்பொருள் விற்பவருக்கும் ஒரு எழுத்துரு. ஒரு தெருவின் 200-ஆம் நம்பர் வீட்டில் 'க' இருந்தால், அடுத்த தெருவின் 200-ஆம் நம்பரில் 'ழ' இருக்கும். நான் சர்வீஸ் பார்த்த ஓர் அலுவலகத்தில் மூன்று மேசை, மூன்று கம்ப்யூட்டர், மூன்று எழுத்துரு. ஒரு மேசையில் அடித்த கடிதத்தை அடுத்த மேசையில் திருத்த முடியாது. பிரிண்ட் எடுத்து, அதைப் பார்த்து மறுபடி அடிப்பார்கள். "கம்ப்யூட்டர் வாங்கினதே திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாதுன்னுதானே சார்?" என்று அங்கிருந்த டைப்பிஸ்ட் அம்மா ஒரு நாள் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. பிரிண்டரைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதற்கு ஒரு முடிவு கட்ட முதலில் முனைந்தவர்களில் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-லேயே இணையத்தில் தமிழை ஏற்றிக் காட்டினார். சுவிட்சர்லாந்தில் இருந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கும் அவர்தான் முன்னின்றார். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து உலகத்துக்குக் கொடுத்த திட்டம் அது.

1997-ல் சிங்கப்பூரில் இவர்களெல்லாம் கூடிப் பேசினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. அதன் விளைவாகத் தமிழக அரசு ஒரு பொது விசைப்பலகையையும், டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளையும் ஏற்றுக்கொண்டது. டாம் தமிழுக்கு மட்டும். டாப் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது. 2000-ல் 'உத்தமம்' என்ற உலக அமைப்பும் உருவானது.

அந்த விசைப்பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. 'தமிழ்99' என்று பெயர். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஆக 31 எழுத்துகளுக்கு விசை. உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ஒரே மெய் இரண்டு தரம் வந்தால் முதலாவதுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். 'ங'வுக்குப் பின் 'க' வந்தாலும் அப்படியே. நம் இலக்கணம் தெரிந்த விசைப்பலகை. அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். என் மனைவி 61 வயதில் பத்து நாளில் கற்றுக்கொண்டாள். அவளுக்குப் பழைய டைப்ரைட்டிங் தெரியாது என்பதுதான் அதில் பெரிய வசதி.

அரசு ஒரு பக்கம் டாப் என்றது. இணையத்தில் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து உருவாக்கிய 'டிஸ்கி' என்ற இன்னொரு முறையும் வெளிநாட்டுத் தமிழர்களிடம் பரவியது. அதில் எனக்கு மறக்க முடியாத வியாதி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் ஒருவரின் மகன் சிங்கப்பூரிலிருந்து டிஸ்கியில் கடிதம் அனுப்புவான். 'இனிய' என்பது 'னிய' என்று வரும். 'இங்கே' என்பது 'ங்கே' என்று நிற்கும். "பையன் தமிழை மறந்துட்டான் சார்" என்று அப்பா வருத்தப்பட்டார். உண்மையில் 'இ' குடியிருந்தது 173-ஆம் நம்பர் வீடு. கம்ப்யூட்டர் சட்டப்படி அந்த நம்பர், வரி முடிவில் சொல்லை உடைக்க மட்டும் தோன்றும் ஒரு கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்கு உரியது. உலாவி அதை மறைத்துவிடும். மறைந்தது கோடு இல்லை, நம் 'இ'. பின்னால் வந்த 1.7 பதிப்பில் 'இ'க்கு வேறொரு வீடும் ஒதுக்கினார்கள். ஒரு எழுத்துக்கு ஓர் எண் தப்பினால் ஒரு வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் மனத்தாங்கல் வரும் என்பதை அன்று பார்த்தேன்.

இத்தனைக்கும் நடுவில் யூனிகோடு என்ற பெரிய தெரு தயாராகிக்கொண்டிருந்தது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தெரு, ஒரு வீட்டுக்கு ஒரே ஆள். அதன் முதல் பதிப்பு 1991-ல் வந்தது. தமிழுக்கு அதில் 128 இடம். உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், கொம்பு, கால், புள்ளி முதலிய குறிகள் மட்டும் உள்ளே வைக்கப்படும். 'கெ' என்றால் கோப்பில் முதலில் க, பிறகு கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தள்ளி வைப்பது கம்ப்யூட்டரின் வேலை. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுத்திருக்க வேண்டும் என்ற வாதம் நம் பக்கம் பலமாக இருந்தது. அதற்காக உருவானதுதான் 'டேஸ்16'. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயம், தமிழக அரசு யூனிகோடையும், அது வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது.

விண்டோஸ் 2000-ல்தான் யூனிகோடு தமிழும் 'லதா' எழுத்துருவும் சேர்ந்து வந்தன. அடுத்து எக்ஸ்பி. அதில் லதா இருக்கும், ஆனால் தமிழ் சரியாக வராது. 'கொ' என்பதில் கொம்பு பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தின் மேல் தொங்கும். புகார் வந்தால் நான் போய் கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். உடனே எக்ஸ்பி சிடியைக் கேட்கும். யார் வீட்டில் சிடி இருந்தது? என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். ஒரு டிக்குக்காக திருவெறும்பூர் வரை பஸ்ஸில் போன நாளெல்லாம் உண்டு. "இதுக்குத்தானா இருநூறு ரூபா?" என்பார்கள்.

பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளும் வந்தன. சுரதா யாழ்வாணன் செய்த 'பொங்குதமிழ்' மாற்றி அதில் முன்னோடி. பாமினி குப்பையை ஒரு கட்டத்தில் ஒட்டினால் அடுத்த கட்டத்தில் தமிழ் வந்து விழும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஏதோ சாமியாட்டம் மாதிரிதான் இருந்தது.

இப்போது வாத்தியாரின் சிடிக்கு வருகிறேன். இன்றைய லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. வெளியே செருகும் டிரைவ் ஒன்றை நான் பத்திரமாக வைத்திருந்தேன். போட்டேன். ஐந்து வேர்டு கோப்புகள், எல்லாம் பாமினி. பத்து நிமிடத்தில் ஐந்தும் தமிழாயின. வாத்தியார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து படித்தார். சிரித்தார்.

ஆறாவது கோப்பு வேர்டு இல்லை. நோட்பேட் கோப்பு. திறந்தேன். வரி வரியாகக் கேள்விக்குறிகள். வேறு ஒன்றும் இல்லை.

எனக்குக் கை சில்லிட்டுப் போயிற்று. அந்த நிமிடமே 2006 நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த வருடம் அவர் பிளாப்பியைக் கொண்டுவந்தார். அப்போதே பாதி கம்ப்யூட்டர்களில் பிளாப்பி டிரைவ் போய்விட்டது. "இதையெல்லாம் சிடியில போட்டுக் குடு தம்பி" என்றார். போடுவதற்கு முன், என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட, ஒரு கோப்பை யூனிகோடுக்கு மாற்றிக் காண்பித்தேன். எதை மாற்றட்டும் என்று கேட்டதற்கு "எங்கம்மா பாட்டை மாத்து" என்றார். மாற்றினேன், நோட்பேடில் ஒட்டினேன். திரையில் அழகாக இருந்தது. சேமிக்கும்போது ஒரு எச்சரிக்கை வந்தது. இந்தக் கோப்பில் யூனிகோடு எழுத்துகள் உள்ளன, ஆன்சி முறையில் சேமித்தால் அவை போய்விடும் என்பது அதன் சாரம். ஒரு நாளைக்கு நூறு எச்சரிக்கை பார்க்கிற தொழில். படிக்காமல் 'ஓகே' அழுத்தினேன். அழுத்திய பிறகும் திரையில் பாட்டு அப்படியேதான் தெரிந்தது. மூடித் திறந்தால்தானே தெரியும்? நான் திறந்து பார்க்கவில்லை. மாற்றியாகிவிட்டதே, பழையது எதற்கு என்று அந்த வேர்டு கோப்பை சிடியில் போடவும் இல்லை. பிளாப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது "இது இனிமே வேண்டாம் சார், தூக்கிப் போட்டுடலாம்" என்று சொன்னவனும் நான்தான். அவர் நம்பிப் போட்டுவிட்டார்.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். மறைக்க நினைத்தால் சிடி வீணாகிவிட்டது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. 27 வருடத்தில் அப்படிச் சில இடங்களில் சொல்லியும் இருக்கிறேன். இங்கே வாய் வரவில்லை.

வாத்தியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மின்விசிறி சத்தம் மட்டும். பிறகு, "அந்தக் கேள்விக்குறியைக் காட்டு" என்றார்.

காட்டினேன். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "நடுநடுவுல இடம் விட்டிருக்கே, அது என்ன?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆன்சியில் சேமிக்கும்போது போனது தமிழ்க் குறிகள் மட்டும். சொற்களுக்கு இடையிலான இடைவெளியும், வரி முடிவும் போகவில்லை. ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி. 'ஆராரோ' என்றால் ஆ, ர, கால், ர, ஓகாரக் குறி, ஆக ஐந்து. 'கண்ணுறங்கு' என்றால் பத்து. பாட்டு போய்விட்டது, பாட்டின் அச்சு அப்படியே இருந்தது.

இதை விளக்கிச் சொன்னதும் தமிழ் வாத்தியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு அசை பிரிக்கச் சொல்லிக் கொடுத்தவர் ஆயிற்றே. "முதல் வரி நாலு சொல்லு. முதல் சொல்லு அஞ்சு. இரு, இரு" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து கேள்விக்குறி ஆராரோவாகவும் இருக்கலாம், கண்ணேயாகவும் இருக்கலாம், மாமனாகவும் இருக்கலாம். அடுத்த சொல்லின் நீளத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் மெதுவாக முணுமுணுக்க, நான் விரல் விட்டு எண்ணினேன். மூன்றாவது வரியில் எல்லாம் பொருந்தியது.

அதன் பிறகு மூன்று வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார். முசிறியில் இருக்கும் அவருடைய தங்கைக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்போம். அந்த அம்மாவுக்கு 79 வயது. பாடுவார்கள். நான் எண்ணுவேன். ஓரிடத்தில் அவர்கள் பாடியது ஒரு சொல் கூடுதலாக இருந்தது. "தப்பா பாடறா" என்றார் அண்ணன். "அம்மா எனக்கு இப்படித்தான்ணே பாடுச்சு. நீ அப்ப பள்ளிக்கூடம் போயிட்ட" என்றார் தங்கை. வாத்தியார் பதில் சொல்லவில்லை. இரண்டையும் எழுதிக்கொள் என்று எனக்குச் சைகை காட்டினார்.

கோப்பில் 19 பாட்டுகள். 11 முழுசாகக் கிடைத்தன. மூன்று பாதி. ஐந்து இன்னும் கேள்விக்குறிதான். அந்த ஐந்தையும் அப்படியே புத்தகத்தில் போடப் போகிறேன், யாருக்காவது ஞாபகம் வந்தால் நிரப்பட்டும் என்கிறார். வேடிக்கையாகச் சொல்கிறாரா, நிஜமாகவா என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு சிடியோ பிளாப்பியோ இருக்கும். குலதெய்வக் கோயில் வரலாறு, அப்பா எழுதிய கவிதை, சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியல், ஏதோ ஒன்று. திறந்து பார்த்துத் தமிழ் வரவில்லை என்றால் பதறாதீர்கள். மூன்று வியாதிகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆங்கில எழுத்தாகவோ, கொக்கி போட்ட ஐரோப்பிய எழுத்தாகவோ வந்தால் உயிர் இருக்கிறது. எழுத்துரு மட்டும் இல்லை. வேர்டில் திறந்து, எழுத்தின் மேல் சொடுக்கி, மேலே எழுத்துருப் பெயர் காட்டும் கட்டத்தைப் பாருங்கள். எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்கான மாற்றியில் போட்டால் தமிழ் வரும். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றை மட்டும் ஒதுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அவையும் தமிழ்க் குப்பையாக மாறிவிடும்.

கட்டம் கட்டமாக வந்தாலும் உயிர் இருக்கிறது. கோப்பு யூனிகோடாக இருக்கும், அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இருக்காது. வேறு கம்ப்யூட்டரிலோ இப்போதைய செல்போனிலோ திறந்து பாருங்கள்.

கேள்விக்குறியாக வந்து, சேமித்து மூடிய பிறகும் கேள்விக்குறியாகவே இருந்தால், அந்தப் பிரதியில் உயிர் போய்விட்டது. எந்த நிபுணராலும் முடியாது. வேறு பிரதியைத் தேட வேண்டியதுதான். 2019-ல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலிலிருந்துதான் நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது. அதற்கு முந்தைய கம்ப்யூட்டரானால் சேமிக்கும் பெட்டியின் அடியில் அதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழைய பிடிஎஃப் கோப்புகளிலும் ஒரு ஏமாற்று உண்டு. பார்க்கத் தமிழ் அழகாக இருக்கும். நகல் எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் குப்பை வரும். படிக்க மட்டும் போதுமென்றால் விட்டுவிடுங்கள். புத்தகமாகப் போட நினைத்தால் இப்போதே மாற்றி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. மாற்றிய பிறகு கோப்பை மூடி, மறுபடி திறந்து, ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அதுவரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர்காரன் சொன்னாலும் சரி.

நாளை வாத்தியார் வருகிற நாள். பன்னிரண்டாவது பாட்டில் நாலாவது வரி இரண்டு நாளாக நிற்கிறது. மூன்று சொல். ஐந்து, எட்டு, பத்து. கடைசிச் சொல் 'கண்ணுறங்கு' ஆக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். அவரைக் கேட்டால்தான் தெரியும்.